பிறவி எண்: செத்து எழும்பும் செயலியைப் பழைய சாதனத்தோடு சேர்த்தல்

போன மாரிக்கு முன் ஒரு பின்னேரம். இணுவிலில் எங்கள் வாசிகசாலையில் ரீச்சர் மூன்று மணித்தியாலம் இருந்து ஸ்கான் செய்த நாற்பத்தொரு பக்கங்கள் இல்லாமல் போயின. காரணம் நான். இரண்டு மணியளவில் கொண்டாவிலில் வீட்டிலிருந்தபடி, அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த என் செயலியின் புதிய பதிப்பை ஏற்றி அதை மறுபடி தொடக்கினேன். ஐந்து மணிக்கு ரீச்சரின் அழைப்பு வந்தது.

"தம்பி, மத்தியானம் செய்ததெல்லாம் படமாத் தெரியுது. ஆனா ஃபைல் எண்டு பாத்தா ஒண்டும் இல்லையே."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிட ஓட்டம். ஸ்கான் மென்பொருளின் திரையில் சிறுபடங்கள் வரிசையாக இருந்தன. கோப்புறைக்குள் எதுவும் இல்லை. அவர் ஸ்கான் செய்துகொண்டிருந்த பழைய சிறப்பு மலரின் தாள் விரல் பட்டாலே உதிரும். அதை அவர் இரண்டாந்தரம் புரட்டவேண்டி வந்தது. அன்று இரவு தொடங்கி ஒன்றரை மாதம் நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். பயனர்வெளியில், அதாவது சாதாரண நிரல்களின் இடத்தில், ஓடும் செயலி செத்து எழும்பும்போது, லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் அது உண்டாக்கிய மெய்நிகர் சாதனம் சாகாமல் இருக்கவேண்டும். எழும்பிய செயலி அதே சாதனத்தோடு மறுபடி சேரவேண்டும். வேலை இதுதான்.

வாசிகசாலையில் நாங்கள் சேர்ப்பவை கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், கையெழுத்துப் பிரதிகள். ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐ நிறத்தில், சுருக்காமல், ஏறக்குறைய 26 மெகாபைட். இரண்டு பிரதி, இரண்டு இடத்தில் என்பது முதல் நாளே எடுத்த முடிவு. 1981 இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆகவே வாசிகசாலைக் கணினியின் டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் என் வீட்டுக் கணினிக்கும் போகிறது.

அதற்காக அங்கே என் செயலிகள் மூன்று ஓடுகின்றன. ஒன்று, வாசிகசாலைக்கும் என் வீட்டுக்கும் நடுவே சுரங்கம்போல் இணைப்புத் தரும் டியூன் செயலி. இரண்டாவது, மிதிகட்டைச் செயலி: ரீச்சருக்கு இரண்டு கையும் தாளைப் பிடிக்கவே வேண்டும் என்பதால், பழைய தையல் மெசினின் மிதிகட்டையை ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலரோடு இணைத்து, யூஇன்புட் என்ற கேர்னல் வசதி மூலம் அதை ஒரு விசைப்பலகையாகக் கேர்னலுக்குக் காட்டுகிறேன். மிதித்தால் ஸ்பேஸ் விசை அழுத்தியது போல, படம் எடுபடும். மூன்றாவது டிஸ்க் செயலி. யூபிளாக் என்ற கேர்னல் வசதியில், நான் சியில் எழுதிய நிரல் ஒரு டிஸ்க்காகத் தெரியும். மேலே ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை இருக்கும். கீழே என் நிரல் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பெண் போட்டு, இங்கேயும் எழுதி, வீட்டுக்கும் அனுப்பும்.

மூன்றுக்கும் அமைப்பு ஒன்றே. கேர்னல் மற்றவர்களுக்கு ஒரு சாதனத்தைக் காட்டுகிறது. அதன் பின்னால் உண்மையில் இருப்பது ஒரு சாதாரணச் செயலி. சாதனத்தைத் திறந்தவுடன் கேர்னல் செயலியின் கையில் ஒரு எண்ணைக் கொடுக்கும். எஃப்டி என்பார்கள், நான் பிடி என்று எழுதுகிறேன். துலாவில் தண்ணீர் அள்ளியவர்களுக்கு இது விளங்கும். கயிற்றைக் கைவிட்டால் பட்டை கிணற்றுக்குள். ஆள் மாறவேண்டும் என்றால் மற்றவர் பிடித்த பிறகுதான் முதலாமவர் விடலாம். செயலி செத்தால் அதன் பிடிகள் எல்லாவற்றையும் கேர்னல் மூடிவிடும். கடைசிப் பிடியும் போனால் சாதனமும் போகும். எந்தச் சாதனத்தில் யார் கயிற்றைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி என்று நினைத்துத் தொடங்கினேன். பாதி வழியில்தான் அது சின்னக் கேள்வி என்று தெரிந்தது.

டியூன்

இது இலகு. சாதாரணமாக டியூன் இடைமுகம் செயலியோடு சேர்ந்து மறையும். அதன் ஐபி முகவரியும் ரூட்டுகளும் கூடவே போகும். அதை நிலைத்த இடைமுகமாக உண்டாக்கினால், அதாவது செயலி தொடங்க முன்னரே ஐபி டியூன்டாப் கட்டளையால் செய்துவைத்தால், செயலி செத்தாலும் இடைமுகம் இருக்கும். கேரியர், அதாவது மறுமுனை இணைப்பு, இல்லை என்று மட்டும் காட்டும். செயலி மறுபடி வந்து அதே பெயரில் சேர்ந்தவுடன் கேரியர் திரும்பும். இடையில் வந்த பொதிகள் தொலையும். டிசிபி அவற்றை மீண்டும் அனுப்பிக்கொள்ளும். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் என் எஸ்எஸ்எச் அமர்வு இரண்டு செக்கன் திகைத்து நின்றுவிட்டுத் தொடர்ந்தது.

இடறிய இடங்கள் மூன்று. முதல் நாள் மறுபடி சேரப்போனபோது "ஈபிஸி" என்ற பிழை, அதாவது வேறொருவர் பிடித்திருக்கிறார். பழைய செயலி செத்துவிட்டது, ஆனால் அது ரூட் போடுவதற்காக ஓடவிட்ட ஷெல் நிரல் ஒன்று உயிரோடு இருந்தது. தாயின் பிடியைப் பிள்ளை வாங்கிக்கொண்டு நின்றது. திறக்கும்போதே குளோஎக்ஸெக் என்ற கொடியை, அதாவது விருப்பக் குறியை, போட்டால் பிள்ளைக்குப் போகாது. இரண்டாவது, பல வரிசைக் கொடி: உண்டாக்கியபோது இல்லாத அந்தக் கொடியோடு புதிய பதிப்பு சேர முயன்றால் "ஈஇன்வால்", அதாவது செல்லாத கோரிக்கை. மூன்றாவது, சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் வலையமைப்புப் பகுதியான நெட்வேர்க்டி, கேரியர் போனதைக் கண்டு முகவரியைக் கழற்றிவிட்டது. கேரியர் இழப்பைப் பொருட்படுத்தாதே என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போட்டேன். அதோடு டியூன் முடிந்தது.

மிதிகட்டை

யூஇன்புட்டுக்கு நிலைத்த வடிவம் இல்லை. பிடி மூடினால் விசைப்பலகை அழியும். ஆகவே பிடியை வேறொருவர் கையில் கொடுக்கவேண்டும். சிஸ்டம்டியிலேயே அதற்கு ஒரு இடம் இருக்கிறது, பிடிக் களஞ்சியம் என்று சொல்லலாம். 2015 இல் வந்த 219 ஆம் பதிப்பிலிருந்து உண்டு. சேவையின் கோப்பில் எத்தனை பிடிகள் என்று ஒரு எண் கொடுத்து, செயலி தன் பிடியை யூனிக்ஸ் சொக்கெட் வழியாக அனுப்பிவைத்தால், அடுத்த பிறப்பில் மூன்றாம் எண்ணிலிருந்து அந்தப் பிடிகள் திரும்பக் கையில் கிடைக்கும், பெயரோடு. ஆனால் மறுதொடக்கம் என்ற ஒரே கட்டளையில் செய்யவேண்டும். பழக்கதோஷத்தில் நிறுத்து, பிறகு தொடங்கு என்று இரண்டாகச் செய்தால், நிறுத்திய இடத்திலேயே களஞ்சியம் காலியாகிவிடும். 254 ஆம் பதிப்பிலிருந்து அதையும் காப்பாற்றும் அமைப்பு வந்திருக்கிறது.

திரும்பக் கிடைத்த பிடியில் சாதனம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது. "உண்டாக்கு" என்று மறுபடி சொன்னால் ஈஇன்வால். புதிதாக ஒரு விசையைச் சேர்க்கவும் இனி முடியாது. அதற்கு அழித்துத்தான் செய்யவேண்டும். இவையெல்லாம் ஆவணத்தை ஆறுதலாக வாசித்தாலே தெரியும்.

தெரியாமல் போனது வேறு. பரிசோதனைக்காக நானே மிதிகட்டையை மிதித்துக்கொண்டு, மறு கையால் செயலிக்கு உடனே கொல்லும் ஒன்பதாம் சிக்னலை அனுப்பினேன். செயலி செத்தது, சாதனம் இருந்தது, செயலி எழும்பிச் சேர்ந்தது. காலை எடுத்தேன். கமரா நிற்கவில்லை. வெறும் மேசையைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தது.

பழைய முறையில் சாதனம் அழியும்போது, அழுத்தியிருந்த விசையைக் கேர்னல் தானே விடுவித்துவிடும். நான் சாதனத்தைச் சாகாமல் காத்ததால், "ஸ்பேஸ் அழுத்தியபடி இருக்கிறது" என்ற நிலையும் சேர்ந்து சாகாமல் இருந்தது. கால் எடுத்த செய்தி வந்தபோது கேட்க அங்கே செயலி இல்லை. புதிய செயலிக்கு விசை அழுத்தியிருக்கிறது என்றே தெரியாது. இப்போது அது பிறந்தவுடன் செய்யும் முதல் வேலை, தனக்குரிய எல்லா விசைகளுக்கும் "விட்டாயிற்று" என்று அனுப்புவது. அதன் பிறகுதான் சீரியல் வழியைத் திறக்கும்.

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் கேள்வியை மாற்றி எழுதினேன். யார் கயிற்றைப் பிடிப்பது என்பதல்ல. பட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் புதிதாக வந்தவருக்கு யார் சொல்வது?

டிஸ்க்

யூபிளாக், ரெட் ஹாட்டின் மிங் லெய் எழுதியது, லினக்ஸ் 6.0 இல், 2022 இல் சேர்ந்தது. செயலி மீட்பு அடுத்த பதிப்பான 6.1 இல் வந்தது. என்னிடம் ஓடுவது 6.12. மீட்புக் கொடி இல்லாமல் சாதனத்தை உண்டாக்கியதுதான் என் முதற்பிழை. செயலி செத்ததும் பிளாக் சாதனமே மறைந்தது, ஈஎக்ஸ்டி4 தன் மாற்றங்களைக் குறிக்கும் ஜேர்னல் முறிந்தது, அதன் பிறகு அது எழுதவே மறுத்தது. என் செயலி எழும்பிப் புதிய டிஸ்க்கைக் காட்டினாலும், மேலே ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தது செத்த டிஸ்க்தான். ஸ்கான் மென்பொருள் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கொடியைப் பிறகு சேர்க்க முடியாது. அன்மவுண்ட் செய்து, சாதனத்தை அழித்து, கொடியோடு புதிதாக உண்டாக்கவேண்டும். ரீச்சர் வராத ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தேன்.

கொடி இருந்தால் நடப்பது இப்படி. செயலி செத்ததும் சாதனம் உறைநிலைக்குப் போகும். மேலிருந்து வரும் வாசிப்பும் எழுத்தும் பிழை பெறாமல் வரிசையில் காத்திருக்கும். மீட்புத் தொடக்கம் என்ற கட்டளையை அனுப்பவேண்டும். பிறகு புதிய செயலி, யூபிளாக்கோடு பேசும் வழியான எழுத்துச் சாதனத்தைத் திறந்து, எல்லா வரிசைகளிலும் கோரிக்கை இடங்களின் எல்லாக் குறியெண்களுக்கும் "வேலை தா" என்று கேட்டு நிற்கவேண்டும். கடைசியாக மீட்பு முடிவு. உடனே காத்திருந்தவை வந்து கொட்டும்.

மிதிகட்டையில் கற்ற வித்தையை இங்கேயும் போட்டேன்: எழுத்துச் சாதனத்தின் பிடியையும் சிஸ்டம்டியிடம் கொடுத்துவைத்தேன். மீட்புத் தொடக்கம் ஒவ்வொரு தரமும் ஈபிஸி என்றது. இரண்டு இரவு போனது. யூபிளாக்கில் பழைய பிடி முழுக்க மூடினால்தான் மீட்பே தொடங்கும். அங்கே கயிற்றைப் பிடிப்பது கேர்னல். நான் இன்னொருவரைப் பிடிக்கச் சொன்னது குறுக்கே நின்றது. ஒரு சாதனத்துக்குச் சரியான வைத்தியம் பக்கத்துச் சாதனத்துக்கு நஞ்சு என்பதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

அடுத்தது, மீட்பு முடிவுக் கட்டளை திரும்பவே இல்லை. புதிய பதிப்பில் வரிசையின் ஆழத்தை 128 இலிருந்து 64 ஆகக் குறைத்திருந்தேன். சாதனமோ 128 என்று பிறந்தது. மீதி 64 குறியெண்களுக்கும் யாராவது வேலை கேட்பார்கள் என்று கேர்னல் காத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆழத்தைச் செயலி தன் அமைப்புக் கோப்பில் பார்ப்பதில்லை. சாதனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

மூன்றாவது பூட்டு இன்னும் மோசம். வாசிகசாலைக் கணினியின் சின்ன எஸ்எஸ்டி நிரம்பாமல் இருக்க, என் செயலிகளின் குறிப்புக் கோப்புகளை எப்போதோ அந்தப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். டிஸ்க் செயலி எழும்பியதும் "தொடங்கினேன்" என்று ஒரு வரி எழுதப்போனது. அந்த வரி ஈஎக்ஸ்டி4 வழியாக, உறைந்து நிற்கும் அதே டிஸ்க்குக்குப் போகவேண்டும். டிஸ்க் இந்தச் செயலிக்காகக் காத்திருக்கிறது, செயலி டிஸ்க்குக்காக. அப்படி நிற்பதை ஒன்பதாம் சிக்னலாலும் கொல்ல முடியாது. 120 செக்கன் கழிந்ததும் கேர்னலின் எச்சரிக்கை வந்தது, வேறொன்றும் வரவில்லை. பவரை நிறுத்தித்தான் எடுத்தேன். டிஸ்க் செயலிக்கு வேண்டிய எதுவும், நிரல், அமைப்பு, குறிப்பு எதுவும், அந்த டிஸ்க்கின் மேல் இருக்கக்கூடாது. செயலியின் நினைவகம் டிஸ்க்குக்கு வெளியேற்றப்படாதபடி அதையும் எம்லொக்ஆல் போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் சேர்வது பற்றி. இனித்தான் பட்டையின் உயரம்.

செயலி சாகும் நொடியில் அதன் கையில் சில கோரிக்கைகள் இருந்திருக்கும்: கேர்னல் கொடுத்துவிட்டது, செயலி இன்னும் பதில் சொல்லவில்லை. அவை எழுதுபட்டனவா இல்லையா என்று கேர்னலுக்குத் தெரியாது. மீட்புக் கொடி மட்டும் இருந்தால் அவற்றுக்குப் பிழை என்று பதில் போகும். ஈஎக்ஸ்டி4 மறுபடி கோபிக்கும். மறுபடி அனுப்பும் கொடியும் இருந்தால், புதிய செயலிக்கு அதே கோரிக்கைகள் இரண்டாந்தரம் வரும். கேர்னல் ஆவணம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் தாங்கும் செயலியாக இருக்கவேண்டும்.

அதே இடத்தில் அதே தரவை இரண்டு தரம் எழுதினால் என்ன கெடும் என்று நானும் கேட்டேன். வெறும் டிஸ்க் என்றால் ஒன்றும் கெடாது. என்னுடையது தரவையும் சரிபார்ப்பெண்ணையும் தனித்தனி இடத்தில் எழுதியது. தரவு பாதி எழுதி, எண் எழுத முன்னர் செத்தால், அடுத்த வாசிப்பு "பழுது" என்று சொல்லும். ஆகவே முன்னே ஒரு பதிவேடு வைத்தேன். எந்த எழுத்தும் முதலில் தரவோடும் எண்ணோடும் பதிவேட்டில் போய், டிஸ்க்கில் உறுதியாக இறங்கும். அதன் பிறகே கேர்னலுக்குப் பதில். அதன் பிறகு ஆறுதலாக உரிய இடத்துக்கு. எழும்பும் செயலி, மீட்பு முடிவைச் சொல்ல முன்னர், பதிவேட்டை முதலிலிருந்து வாசித்து எல்லாவற்றையும் உரிய இடத்தில் எழுதிவிடும். கடைசிப் பதிவு பாதியில் அறுந்திருந்தால் எண் பொருந்தாது, விட்டுவிடும். அதற்குப் பதில் சொல்லப்படவில்லை என்பது நிச்சயம், ஆகவே கேர்னலே அதைத் திரும்ப அனுப்பும். பதிவேட்டில் இருந்தும் பதில் போகாதவை இரண்டு தரம் எழுதுபடும். உள்ளடக்கம் ஒன்றே, பரவாயில்லை.

பிறகு வீட்டுக்குப் போகும் பிரதி. இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் எடுத்தது. எஃப்ஐஓ என்ற கருவியால் டிஸ்க்கில் அடையாளமிட்ட தரவை எழுதிக்கொண்டே, ஒன்று முதல் இருபது செக்கனுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் செயலியைக் கொல்லும் ஒரு சின்ன நிரலை இரவு முழுக்க ஓடவிடுவேன். காலையில் இங்கேயுள்ள பிரதி ஒவ்வொரு நாளும் சரி. வீட்டுப் பிரதியில் சில நாள் ஒரு துண்டு, சில நாள் இரண்டு துண்டு பழையதாக இருந்தது. பழுதில்லை, பழையது. சரிபார்ப்பெண்ணும் பொருந்தியது. இப்படியான பிழைதான் என்னைப் பயப்படுத்தும். யாருடைய கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் இருக்கும்.

நடந்தது இது. செத்த செயலி அனுப்பிய சில எழுத்துகள் வீட்டுக் கணினியின் டிசிபி இடையகத்தில் இன்னும் வாசிக்கப்படாமல் கிடந்தன. புதிய செயலி புதிய இணைப்பில் வந்து அதே துண்டுக்குப் புதிய தரவை எழுதிவிட்டது. வீட்டில் பழைய இணைப்பைக் கவனித்த நூலிழை சற்றுத் தாமதமாக எழும்பி, இடையகத்தில் கிடந்ததை எடுத்து அதன் மேல் எழுதியது. செத்தவனின் எழுத்து உயிரோடிருப்பவனின் எழுத்தை மூடியது.

மருந்து ஒரு எண். செயலி ஒவ்வொரு தரம் பிறக்கும்போதும் வீட்டுக் கணினியிடம் ஒரு பிறவி எண் கேட்கும். வீடு, கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி, முதலில் தன் டிஸ்க்கில் உறுதியாக எழுதிவிட்டுக் கொடுக்கும். அந்த நொடியிலிருந்து அதைவிடச் சிறிய எண்ணோடு வரும் எந்த எழுத்தும் வாசலிலேயே விழும். எண்ணைப் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்கவேண்டும். வெளியே பார்த்து உள்ளே எழுதினால் அதே ஓட்டை மறுபடி திறக்கும். பரவிய கணினி அமைப்புகளில் வேலை செய்பவர்களுக்கு இது பழைய பாடம். நான் அதை ஒரு யூபிளாக் செயலியில் தேடவில்லை, அவ்வளவுதான்.

பெரிய தரவு மையங்களுக்கும் இதே தலையிடி உண்டு என்பது தேடும்போது தெரிந்தது. லினக்ஸ் 5.15 இல் வந்த விடியூஸ் வழியாக மெய்நிகர் வலை அட்டையையோ டிஸ்க்கையோ பயனர்வெளியில் ஓட்டலாம். அதில் செயலி பிடியை மூடினாலும் சாதனம் அழியாது. அழி என்று சொன்னால்தான் அழியும். சேர்வது அங்கே பிரச்சினையே இல்லை. கோரிக்கைகள் சுற்றி வரும் விர்ட்டியோ வளையத்தில் எதுவரை வாசித்தேன், எவற்றுக்குப் பதில் பாக்கி என்பதைச் செயலியின் சொந்த நினைவகத்துக்கு வெளியே வைத்திருப்பதுதான் வேலை. அதன் அண்ணன் முறையான வீஹோஸ்ட்-யூசர் நெறிமுறையில், கையிலுள்ள கோரிக்கைகளைக் குறிக்கவென்றே பகிர்ந்த நினைவகத் துண்டு ஒன்று இருக்கிறது. என் பதிவேடும் அவர்களின் துண்டும் ஒரே தேவையில் பிறந்தவை என்று கண்டபோது எனக்கு உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது.

பிறவி எண் போட்ட பிறகு பதினொரு இரவு அந்தக் கொல்லும் நிரலை ஓடவிட்டேன். இரண்டு பக்கமும் துண்டுக்குத் துண்டு ஒத்துவந்தது. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வாசிகசாலைக்குப் போய், ரீச்சர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அவரிடம் சொல்லிவிட்டு, மூன்று செயலிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம் செய்தேன். டிஸ்க் ஒன்றரை செக்கன் உறைந்தது. அவர் அதற்குள் தாளைப் புரட்டி முடிக்கவில்லை.

"செய்திட்டீரோ?"

"செய்திட்டன் ரீச்சர். இப்ப ஒருக்கா ஃபோல்டரைப் பாப்பம்."

எண்ணிப் பார்த்தோம். அவர் கொப்பியில் குறித்திருந்த அத்தனை பக்கமும் இருந்தன. வீட்டுப் பிரதியிலும் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மிதிகட்டை சீமெந்து நிலத்தில் வழுக்குது, அதுக்கு ஏதும் செய்யலாமோ என்று கேட்டார். சைக்கிள் கடையில் பழைய ரியூப் ஒன்று வாங்கி, வெட்டி, அடியில் ஒட்டிக் கொடுத்தேன்.